பிரச்ன லக்னமும் கடிகார நேரமும்

பிரச்ன ஜோதிடத்தில் எந்த நேரத்தை வைத்து லக்னம் போடுவது என்று நம் அங்கத்தினர்களில் சிலர் என்னிடம் அவ்வப்போது கேட்பதுண்டு. நான் ஜோதிடன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரச்னம் பலிக்குமா பலிக்காதா என்ற வாதத்தில் இறங்கும் உத்தேசமும் எனக்கில்லை. ஆனால் நேரக் கணக்கு வேறு விஷயம். அது எண், அதில் சரி, தப்பு என்று உண்டு. அந்தக் கணக்கில் 23 வயதில் நான் செய்த ஒரு தப்பு எங்கள் குடும்பத்தில் ஒருவரைத் தொட்டது. அதைச் சொல்வதற்கு முன், நம் தேசத்தில் கடிகார நேரம் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜாதகத்துக்கு நேரம் ஒன்றுதான். குழந்தை பிறந்த நேரத்தைக் குறிப்பதில் ஐந்து நிமிஷம் முன்பின் ஆகலாமே தவிர, எந்த நிகழ்ச்சியின் நேரம் என்பதில் சண்டை கிடையாது. பிரச்னத்தில் அப்படி இல்லை. கேள்வி எப்போது பிறக்கிறது? மனதில் தோன்றியபோதா, வீட்டை விட்டுக் கிளம்பியபோதா, ஜோஸ்யர் முன்னால் வாய் திறந்தபோதா? கடிதத்தில் கேட்டால் எழுதிய நேரமா, உறை பிரிக்கப்பட்ட நேரமா? ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்பதால் லக்னம் மட்டும் போதுமென்றால் தப்பித்துக்கொள்ளலாம். நவாம்சம் என்று போனால் சராசரி 13 நிமிஷம்தான்.

வராஹமிஹிரரின் குமாரர் பிருதுயசஸ் செய்ததாகச் சொல்லப்படும் ஷட்பஞ்சாசிகா 56 ஸ்லோகங்களில் பிரச்னத்தைச் சுருக்கிச் சொல்கிறது. ஆனால் இந்த சாஸ்திரம் நன்றாக வேர் பிடித்து வளர்ந்தது கேரளத்தில். தலச்சேரிக்கு அருகே எடக்காட்டில் இருந்த பனக்காட்டு நம்பூதிரி 1649-ல் இயற்றிய பிரச்ன மார்க்கம் இன்றும் அங்கே பிரமாண நூல். கேட்க வந்தவர் ஜோஸ்யரை அணுகிக் கேட்கும் அந்த க்ஷணம்தான் அதில் முக்கியம். அந்த க்ஷணத்தில் நேரத்தை மட்டும் குறித்தால் போதாது. வந்தவர் எந்தத் திக்கில் நிற்கிறார், உடம்பில் எதைத் தொடுகிறார், முதலில் வாயில் வந்த எழுத்து எது, ஜோஸ்யருக்கு மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று ஒரு பட்டியலே உண்டு. அஷ்டமங்கல பிரச்னத்தில் ஒரு குழந்தையின் கையில் பொன்னைக் கொடுத்து, தரையில் வரைந்த ராசிச் சக்கரத்தில் வைக்கச் சொல்வார்கள். பொன் விழுந்த ராசி ஆரூடம். உதய லக்னம் ஒரு பக்கம், ஆரூடம் ஒரு பக்கம் என்று இரண்டையும் வைத்துப் பார்ப்பார்கள்.

சின்ன வயதில் இதெல்லாம் எனக்கு வெறும் சடங்காகப் பட்டது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கடிகாரமே இல்லாத காலத்தில், மழைக்காலத்தில் சூரியனே தென்படாத ஊரில் இருந்தவர்கள், நேரத்தை மட்டும் நம்பி உட்காராமல் நேரத்தைச் சாராத இன்னொரு அடையாளத்தையும் கைவசம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சோதனைச்சாலையில் ஒரே அளவை இரண்டு முறைகளில் எடுப்போமே, அந்த மாதிரி.

20-ஆம் நூற்றாண்டில் இதே சிக்கலுக்கு வேறொரு வழி கண்டவர் திருவையாற்றில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி. கே.பி. முறை என்று வடக்கே உள்ள அன்பர்களும் அறிந்திருப்பார்கள். அவருக்குத் தபாலில் கேள்விகள் வந்தன. கேட்பவர் 1 முதல் 249-க்குள் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் லக்னத்தை நிர்ணயித்துவிடும். கிரக நிலைக்கு, ஜோஸ்யர் அந்தக் கேள்வியைக் கையில் எடுக்கும் நேரமும் அவர் இருக்கும் ஊரும் கணக்கு. கடிதம் எப்போது எழுதப்பட்டது என்ற கேள்விக்கே இடமில்லை. 249 எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. 27 நட்சத்திரத்தை விம்சோத்தரி தசை வருஷங்களின் விகிதத்தில் ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் 243. அவற்றில் ஆறு பாகங்கள் ராசி எல்லையில் இரண்டாக வெட்டுப்படுகின்றன: சூரியனின் மூன்று நட்சத்திரங்களில் ராகு பாகமும், குருவின் மூன்று நட்சத்திரங்களில் சந்திர பாகமும். ஆக 249. இவற்றில் மிகச் சிறிய துண்டு 33 கலை 20 விகலை. லக்னம் அதைக் கடக்கச் சராசரி இரண்டேகால் நிமிஷம்கூட ஆகாது. எண் இல்லாமல் கடிகாரத்தை மட்டும் நம்பி இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எந்த க்ஷணம்" என்பது பற்றி இப்படி நூற்றாண்டுகளாக யோசித்திருக்கிறார்கள். "எந்தக் கடிகாரம்" என்பது பற்றி யோசித்தவர்கள் குறைவு. காரணம், 150 வருஷம் முன்னால் அந்தக் கேள்வியே கிடையாது. சூரியன் உதித்ததும் எண்ண ஆரம்பிப்பார்கள். அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது நிரம்பி மூழ்க ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம். அறுபது முறை மூழ்கினால் ஒரு நாள். ஊருக்கு ஊர் உதயம் வேறு, ஆகவே நேரமும் வேறு. அதில் யாருக்கும் கஷ்டமில்லை. கிரகக் கணிதத்துக்கு மட்டும் பொதுவான ஒரு ரேகை தேவைப்பட்டது. சூரிய சித்தாந்தம் லங்கையிலிருந்து உஜ்ஜயினி, குருக்ஷேத்திரம் வழியாகச் செல்லும் ரேகையை எடுத்துக்கொண்டு, மற்ற ஊர்களுக்கு தேசாந்தரம் கூட்டிக் கழிக்கச் சொல்கிறது. கிரீன்விச்சுக்கு முன்னால் நமக்கு இருந்த கிரீன்விச் அது. எங்கள் பாலக்காடு அந்த ரேகைக்குக் கிழக்கே ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது. தேசாந்தரம் நாலு நிமிஷம்கூட வராது.

மதராஸில் கம்பெனியார் 1792-ல் வானாராய்ச்சி நிலையம் கட்டினார்கள். அங்கே கோல்டிங்ஹாம் என்பவர் 1802-ல் நகரின் தீர்க்க ரேகையைக் கணித்து, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது என்று நிர்ணயித்தார். அதுதான் மதராஸ் நேரம். ரயிலும் தந்தியும் வந்தபோது ஒவ்வொரு ஊரும் தன் தன் நேரத்தை வைத்துக்கொண்டால் வண்டி ஓட்ட முடியாதல்லவா? பம்பாய் நேரம் மதராஸுக்கு அரை மணி பின்னால், கல்கத்தா நேரம் சுமார் 32 நிமிஷம் முன்னால். நடுவில் இருந்த மதராஸ் நேரத்தையே 1870 வாக்கில் தேசத்து ரயில்கள் எடுத்துக்கொண்டன. அடுத்த 35 வருஷம், லாகூர் ரயில் நிலையத்திலும் நம் மதராஸ் நேரம்தான்.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் போனால் பாவம். அந்த வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-ல் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1874-ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்தபோது, அது என்ன என்று ஜனங்களுக்குப் புரியும்படி பாரத மொழிகளில் சிறு புத்தகம் போட்டார். பஞ்சாங்கத்தை வானத்தில் கண்ணால் கண்டதற்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று த்ருக் கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். தூரதர்சினியையும் பஞ்சாங்கத்தையும் ஒரே ஆள் கையாண்ட காலம் அது.

1906 ஜனவரி 1-ந்தேதி முதல் இந்திய ஸ்டாண்டர்டு நேரம் வந்தது. 82½ பாகை ரேகை, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தி. மதராஸ்காரர்களுக்கு 9 நிமிஷ வித்தியாசம்தான். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். பம்பாய்க்கு 39 நிமிஷம். அங்கே அந்த ஜனவரியிலேயே பஞ்சாலைத் தொழிலாளர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். நகரத்தில் பம்பாய் நேரம் பிடிவாதமாகத் தொடர்ந்து, 1955-ல்தான் ஓய்ந்தது. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. ஆகவே பம்பாயில் 1930-ல் ஒருவர் "காலை எட்டு மணி" என்று எழுதி வைத்திருந்தால், எந்த எட்டு மணி என்று கேட்க வேண்டும். நம்மவர்கள் அந்த நகரங்களுக்கு உத்தியோகத்துக்குப் போக ஆரம்பித்த காலமும் அதுதான். மாட்டுங்காவில் பிறந்த பெரியவர்களின் ஜாதகங்கள் சிலவற்றில் ஊர்க் கணக்குக்கும் பெண் வீட்டார் கணக்குக்கும் லக்னமே மாறிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று யுத்த காலத்தில் வந்தது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை தேசம் முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முந்தி. யுத்தம் முடிந்ததும் பழையபடி மாற்றினார்கள், ஜனங்கள் மறந்தும் போனார்கள். அந்த மூன்று வருஷத்தில் பிறந்தவர்கள் நம் சங்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஜாதகத்தில் மணிக் கணக்கு மட்டும் இருந்தால் ஒரு மணி கழித்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளவும். உதயாதி நாழிகை எழுதியிருந்தால் பயமில்லை. சர்க்கார் உத்தரவால் கடிகாரத்தைத் தள்ளலாம், உதயத்தைத் தள்ள முடியாது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

என் தகப்பனாரின் தம்பி, அதாவது என் சித்தப்பா, ரங்கூனில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். கல்யாணமாகி மனைவியைக் கல்பாத்தியில் எங்கள் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கையில் போயிற்று. லட்சக்கணக்கான நம் ஜனங்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்து வந்தார்கள். சித்தப்பா கிளம்பினார் என்று அவருடன் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். வந்து சேரவில்லை.

ஒரு வருஷம் பார்த்துவிட்டு, பாட்டியும் சித்தியும் அத்திம்பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பக்கத்து கிராமத்து ஜோஸ்யரிடம் போனார்கள். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை சித்தி ராமாயணப் புஸ்தகத்துக்குள் வைத்திருந்தாள். கொல்லம் 1118, கும்பம் 16, ஞாயிற்றுக்கிழமை. அதாவது 1943 பிப்ரவரி 28. "காலை மணி 9-40" என்று ஒரு வரி, அதன் கீழே "உ. நா. 5". மீன லக்னம். லக்னாதிபதி குரு நாலாமிடமான மிதுனத்தில், கேந்திரத்தில், வக்கிரமாக. உயிருக்கு பயமில்லை, போன வழியே திரும்புவான் என்று பலன்.

அந்தச் சீட்டின் பேரில் எங்கள் வீடு முப்பது வருஷம் நடந்தது. காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கர்மா செய்துவிடலாம் என்பது வழக்கம். பாட்டி சம்மதிக்கவில்லை, பாட்டிக்குப் பிறகு சித்தி சம்மதிக்கவில்லை. குங்குமமும் மஞ்சளுமாக இருந்தாள்.

1972 நவம்பரில் கல்பாத்தித் தேருக்கு லீவில் போயிருந்தேன். கிருஷ்ணமூர்த்தியின் புத்தகங்களை வாங்கிப் படித்திருந்த புதுசு. சீட்டைக் கேட்டு வாங்கி, காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். பாலக்காட்டில் அன்றைக்கு உதயம் 6 மணி 39 நிமிஷம் சுமாருக்கு. 9-40 என்றால் மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது, ஏழரை நாழிகை. ஜோஸ்யர் 5 என்று எழுதியிருக்கிறார்! மீனம் 9 மணி 10 நிமிஷத்தோடு முடிந்துவிட்டது. வர வேண்டியது மேஷ லக்னம். மேஷத்துக்குச் செவ்வாய் லக்னாதிபதி மட்டுமல்ல, எட்டுக்குடையவனும் அவனே. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். செவ்வாய் அன்று நின்ற இடத்தின் பலத்தைக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தில் நாலு பேர் இருக்கும்போது, "கழித்தலே தப்பு. இந்தச் சீட்டு செல்லாது" என்று சொன்னேன். சித்தி அடுக்களை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

பெரியவர்கள் கொஞ்ச நாளாகவே கர்மாவை முடித்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். என் கணக்கு ஒன்றால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அது வரைக்கும் அவர்களுக்குக் குறுக்கே நின்றது அந்தச் சீட்டு, அதை அப்புறப்படுத்தியவன் நான். அடுத்த தை மாதம் வாத்தியாரை வைத்து எல்லாம் நடந்தது. சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்ற வேண்டியதைக் கழற்றிக் கொடுத்தாள்.

1983-ல் தில்லியில் இருந்தேன். என் மேலதிகாரி பழைய தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு குளிர்கால நாளில், ஆபீசுக்கு லேட்டாக வந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "யுத்த சமயத்தில் ஜனவரியில் எட்டேகாலுக்குத்தான் சூரியன் வரும். கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைத்திருந்தார்களே" என்றார். எந்த வருஷங்களில் என்று கேட்டேன். சொன்னார். லைப்ரரியில் போய்த் தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி மறுபடி போட்டேன். 9-40-லிருந்து ஒரு மணியைக் கழித்தால் 8-40. உதயம் 6-39. இடையே இரண்டு மணி ஒரு நிமிஷம். 24-ஆல் வகுத்தால் ஐந்து நாழிகை. மீனத்தில் சுமார் 21 பாகை. ஜோஸ்யர் கணக்கில் ஒரு விநாழிகைக் குற்றமில்லை.

அடுத்த லீவில் கல்பாத்திக்குப் போய் சித்தியிடம் சொன்னேன். காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"மணி 9-40-ன்னு சொன்னது அத்திம்பேர். ஸ்டேஷன் கடியாரத்தைப் பார்த்து வச்ச வாட்சு அவரோடது. ஜோஸ்யர் அதைக் கேட்டு எழுதிண்டார். ஆனா நாழிகை போடறச்சே எழுந்து வாசலுக்குப் போய், திண்ணை நிழலைப் பார்த்துட்டு வந்துதான் போட்டார். நான் பக்கத்திலேதான் நின்னேன்" என்றாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சித்தி."

"நீ படிச்சவன். நிழலைப் பத்தி உங்கிட்ட என்ன சொல்றது?"

சித்தப்பா வரவில்லை. கணக்கு சரியாக இருந்தும் வரவில்லை. கணக்கு சரி என்று நான் நிரூபித்த பிறகும் வரவில்லை. பலனைப் பற்றிப் பேசப் போவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். ஆனால் அந்தப் பதினோரு வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை. நான் சீட்டைச் செல்லாது என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அந்த வருஷங்களையும் மஞ்சள் குங்குமத்தோடு கழித்திருப்பாள்.

சித்தி 1998-ல் காலமானாள். ராமாயணப் புஸ்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது, சீட்டும் அதற்குள்ளேயே. 1972-ல் நான் "உ. நா. 5"-ன் பக்கத்தில் போட்ட பென்சில் பெருக்கல் குறியை ரப்பரால் அழித்துப் பார்த்தேன், முழுக்கப் போகவில்லை. அதற்குக் கீழே "யுத்த நேரம், 1 மணி கழிக்க" என்று சின்ன எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.